சம்பு என்று படித்தேன்

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மறந்துவிடவில்லை. அவர் வாயால் சொன்ன ஒரு சொல்லைக் காகிதத்தில் ஏற்றும் வேலை ஒரு தடவை என்னிடம் வந்தது. அதை நான் செய்த லட்சணத்துக்கு, அவர் பெயரையும் என் கையால் ஏற்ற எனக்கு யோக்கியதை கிடையாது. ஆபீசில் எல்லோரும் அவரை 'எட்டாம் மைல்' என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் இங்கே அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடத்துக்குப் போகிற சாலையில் ஓர் ஓட்டுக் கட்டடம் எங்கள் ஆபீஸ். கொள்ளிடத்துக்கு வடக்கே மண்ணச்சநல்லூர்ப் பக்கம் ஓடுகிற ஒரு கிளை வாய்க்கால் எங்கள் பொறுப்பு. கரையில் நடந்து, மடையைத் திறந்து மூடி, நண்டு வளை போட்ட இடத்தை அடைத்து, வாய்க்காலுக்குள் என்ன முளைத்திருக்கிறது என்று ஆபீசுக்கு வந்து சொல்கிறவருக்கு லஸ்கர் என்று பெயர். எட்டாவது மைலிலிருந்து வாய்க்கால் முடிகிற கடைமடை வரை இவருடைய காவல். நான் டைப்பிஸ்ட். புத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவேன். எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் மூலம் கிடைத்த தற்காலிக வேலை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நீட்டிப்பார்கள், நீட்டாமலும் விடுவார்கள். அப்பா ரயில்வேயில் ரிடயர் ஆகி வீட்டில் இருந்தார். எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். வேலை போனால் வீடு என்ன ஆகும் என்று தினமும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வருவேன்.

முதல் நாள் அவர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். காக்கி அரைக்கால் சட்டை, வெயிலில் வெளுத்த காக்கிச் சட்டை, காலில் உலர்ந்த சேறு.

"உங்க பேரு என்னங்கம்மா?"

"டைப்பிஸ்ட்னு கூப்பிடுங்கண்ணே, போதும்."

"டைப்பிஸ்ட்டுங்கிறது வேலைங்க. பேரு?"

"ஸ்டெல்லா."

"அதுக்கு என்னங்க அர்த்தம்?"

"நட்சத்திரம்னு எங்கப்பா சொல்வார்."

கொஞ்சம் யோசித்தார். "நல்ல பேருங்க. எந்த நட்சத்திரம்?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அப்பாவைக் கேட்டு வைங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சுபாவம் அப்படி. எதையும் மொத்தமாகச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. மரம் என்றால் எந்த மரம், பறவை என்றால் எந்தப் பறவை. "வாய்க்கால்ல இருக்கிற புல்லெல்லாம் எடுத்தாச்சாய்யா?" என்று ஓவர்சீயர் கேட்டால், "எந்தப் புல்லுங்க?" என்பார். ஓவர்சீயருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கேட்டவரைக் கிண்டல் செய்கிறார் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரிய வேண்டும்.

எங்கள் இன்ஜினியர் வீடு தில்லை நகரில். ஒரு தடவை ஃபைல் கொடுக்க அங்கே போன எட்டாம் மைல், கூடத்தில் பீங்கான் ஜாடியில் பழுப்பு நிறக் கதிர்களை அழகாக அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறார். இன்ஜினியரின் மனைவி பெருமையாக, "நாணல் பூ. கொள்ளிடக்கரையில பறிச்சது" என்றிருக்கிறார்.

"இது சம்புங்கம்மா. நாணல் பூ வெள்ளையா, கொண்டை மாதிரி இருக்கும்."

"ஏதோ ஒண்ணு. பார்க்க நல்லா இருக்கில்ல?"

"நல்லாத்தான் இருக்குங்க. நாணல்னா அது பாட்டுக்கு இருக்கும், விட்டுடலாம். இது சம்புங்கிறதாலே சொல்றேன், நாலு நாளைக்கு மேல வீட்டுல வெக்காதீங்க. வெடிச்சுடும்."

அந்த அம்மாள் கேட்கவில்லை. ஒரு மத்தியான வேளையில் ஜாடியில் இருந்ததெல்லாம் வெடித்து, இலவம் பஞ்சு மாதிரி வீடு முழுக்கப் பறந்து, சோற்றுப் பானை வரைக்கும் போயிற்று. இன்ஜினியரே இதை ஆபீசில் வந்து சொல்லிச் சிரித்தார். பேர் தெரிந்தால் குணம் தெரியும் என்பதை எட்டாம் மைல் எங்களுக்குப் பிரசங்கம் செய்ததில்லை. சம்பு என்று சொன்னார், அது வெடித்தது, அவ்வளவுதான்.

சம்புக்கும் கோரைக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று எனக்கே அவரால்தான் தெரியும். எங்கள் ஹெட்கிளார்க் கோயிலைச் சுற்றிய உத்தர வீதிக்காரர், நெற்றியில் திருமண் இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. அவர் ஒரு நாள் சொன்னார்: "சம்பங்கோரைன்னுதானேப்பா ஊரே சொல்றது? அதுவும் கோரைதானே. எதுக்கு இப்படி மல்லுக்கு நிக்கறே?"

"ஆகாயத்தாமரைன்னும் ஊரு சொல்லுதுங்க சார். அதைப் பறிச்சுப் பெருமாளுக்குச் சாத்துவீங்களா?"

ஹெட்கிளார்க் முதலில் முறைத்தார். பிறகு அவரே சிரித்தார்.

கோரைத் தண்டை விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டினால் உருளாது, மூன்று பட்டை இருக்கும். பாய் பின்னுகிற கோரை வேறு, நாட்டு மருந்துக்கடையில் கிழங்கு விற்கிற கோரை வேறு. சம்பு இந்த இரண்டும் இல்லை. இலை பட்டையாக ஆளுயரத்துக்கு மேல் போகும். வெற்றிலைக் கொடிக்காலில் கொடியை அகத்தியோடு சேர்த்துக் கட்டுவதற்கு அதைத்தான் கிழித்துக்கொண்டு போவார்கள். இதெல்லாம் வாயால் சொல்கிற பெருமை இல்லை. பெயரைப் பொறுத்துத்தான் எங்கள் ஆபீசில் வேலை நடக்கும். கோரை என்று எழுதினால் அரிவாளால் அறுத்துவிட்டால் போதும், தண்ணீர் அதன் தலைமேல் ஏறிப் போய்விடும். சம்பு என்று எழுதினால் அறுத்துப் பிரயோஜனமில்லை. சேற்றுக்குள் கைத்தண்டிக்குக் கிழங்கு ஓடுகிறது. மண்வெட்டி போட்டுத் தோண்டி எடுக்காவிட்டால் மூன்று வாரத்தில் பழையபடி ஆள் மறைகிற உயரத்துக்கு எழுந்து நிற்கும். தோண்டுவதற்கு இன்ஜினியர் தனி உத்தரவு போட்டு ஆள் அனுப்ப வேண்டும்.

சித்திரை மாதக் கடைசியில், மேட்டூர் திறப்பதற்கு முன்னால், லஸ்கர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் மைலில் என்ன முளைத்திருக்கிறது என்று சொல்வார்கள். நான் அடிப்பேன். மற்றவர்கள் இரண்டு நிமிஷத்தில் கைநாட்டு வைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். இவர் மட்டும், "படிச்சுக் காட்டுங்கம்மா" என்பார்.

"கைநாட்டுதான் நான். காது இருக்குல்ல" என்பார்.

நான் படிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். வலதுகை விரல்கள் தொடையில் மெல்லத் தட்டிக்கொண்டே இருக்கும். பாலத்தடியில் ஆகாயத்தாமரை என்று நான் படித்தால், அவர் உள்ளுக்குள் பாலத்தடியில் நிற்கிறார் என்று தெரியும். ஓரிடத்தில் பெயர் தப்பினால் விரல் நின்றுவிடும். அந்த மாதிரி யாராவது நான் அடித்ததைக் கேட்பதை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. எனக்கு அவரைப் பிடிக்கும். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

சொல்லச் சொல்ல அடிப்பதாகத்தான் பேர்; உண்மையில் எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. போன வருஷத்து அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு, தேதியை மாத்திரம் மாற்றி, லஸ்கர் வருவதற்கு முதல் நாளே எல்லாவற்றையும் அடித்து வைத்துவிடுவோம். மூலம் ஒன்று, கார்பன் வைத்து மூன்று நகல். வருஷா வருஷம் அதே வாய்க்கால், அதே கோரை, யார் என்ன புதிதாகச் சொல்லப் போகிறார்கள் என்று நினைப்பு. அந்த வருஷமும் அப்படியே அடித்து வைத்திருந்தேன். அவர் வந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியாக, "கடைமடை மதகுக்கு மேல ஒரு பர்லாங்கு தூரத்துக்குச் சம்பு வந்துடுச்சும்மா. போன வருஷம் அங்கே கோரைதான் இருந்துச்சு. இப்ப முழுக்கச் சம்பு" என்றார்.

காகிதத்தில் கோரை என்று இருந்தது.

ஒரு சொல்லை மாற்ற வேண்டும். நான்கு தாளிலும் ரப்பர் போட்டு அழிக்க வேண்டும். அழித்தால் மெல்லிய தாள் ஓட்டையாகும். திருத்தம் இருந்தால் ஹெட்கிளார்க் வாங்க மாட்டார், முழுப் பக்கத்தையும் திரும்ப அடிக்க வேண்டும். அன்றைக்கு வீட்டில் ஏதோ அவசரம் என்றோ, உடம்பு சரியில்லை என்றோ எழுதினால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். ஒன்றும் கிடையாது. கார்பன் மை கையில் ஒட்டும் என்ற சோம்பல், அவ்வளவே. சம்பங்கோரையும் கோரைதானே என்று ஹெட்கிளார்க் சொன்னது வசதியாக ஞாபகம் வந்தது.

"படிச்சுக் காட்டுங்கம்மா."

படித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கடைமடை மதகு வந்தபோது, காகிதத்தில் கோரை என்று இருந்ததைப் பார்த்துக்கொண்டே, சம்பு என்று படித்தேன். குரல்கூடத் தடுமாறவில்லை. விரல் நிற்காமல் தட்டிக்கொண்டே இருந்தது. கண்ணைத் திறந்து, திருப்தியாக மையில் கட்டைவிரலைத் தோய்த்துக் கோரைக்குக் கீழே கைநாட்டு வைத்துவிட்டுப் போனார்.

வைகாசி நடுவில் மறுபடி வந்தார். முகத்தில் குழப்பம்.

"அறுக்கத்தான் ஆர்டர் வந்திருக்குதும்மா. அறுத்துட்டோம். தோண்ட ஆளு இன்னும் வரலையே. சம்புன்னுதானே போட்டீங்க?"

அன்றைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தப்பாக அடித்துவிட்டேன் அண்ணே, இன்னொரு அறிக்கை கொடுத்துவிடுவோம் என்றால் தீர்ந்தது. தண்ணீர் வர இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஹெட்கிளார்க் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். என் வேலையை நீட்டிக்கிற காகிதம் அந்த வாரம் அவர் மேஜையில் இருந்தது.

"ஆமாண்ணே, சம்புன்னுதான் போட்டேன்."

"அப்பச் சரி. ஆளு வரும்" என்று போய்விட்டார். நான் சொன்னதை நம்பித்தான் அவர் வேறு யாரிடமும் போய்ச் சத்தம் போடவில்லை. நம்பாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பார்.

ஆனியில் தண்ணீர் வந்தது. மதகுக்கு மேல் சம்பு சுவர் மாதிரி நின்றது. மேலேயிருந்து மிதந்து வந்த ஆகாயத்தாமரையெல்லாம் அதில் வந்து அடைந்தது. அவர் காலையிலிருந்து மார்பளவுத் தண்ணீரில் நின்று கையால் பிடுங்கிப் பிடுங்கிக் கரையில் போட்டாராம். மத்தியானத்துக்குள் தண்ணீர் போக வழியில்லாமல் எதிர்த்து ஏறி மேலே ஓரிடத்தில் கரை உடைந்தது. அங்கே விதைத்திருந்த நாற்றங்கால் எல்லாம் மூழ்கிற்று. மதகுக்குக் கீழே கடைமடையில் சொட்டுத் தண்ணீர் போகவில்லை. ஒரே வாய்க்காலில் பாதிப் பேர் தண்ணீரில்லை என்றும் பாதிப் பேர் தண்ணீரால் போயிற்று என்றும் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள்.

இன்ஜினியர் அறையில் விசாரணை. ஓவர்சீயர், ஹெட்கிளார்க், அவர், கடைசியாகக் கூப்பிடப்பட்ட நான். அவர் சட்டையில் சேறு காய்ந்து போயிருந்தது. கைகள் இரண்டிலும் சம்பு இலை அறுத்த கோடுகள்.

"சம்பு இருக்குன்னு ஏன்யா ரிப்போர்ட் கொடுக்கலை?" என்றார் இன்ஜினியர்.

"கொடுத்தேங்க சார். சித்திரையிலயே கொடுத்தேன்."

"இதுல கோரைன்னுல்ல இருக்கு? கீழே உன் கைநாட்டு இருக்கு."

அவர் அந்தக் காகிதத்தை உற்றுப் பார்த்தார். அவருக்கு அதில் ஒன்றும் தெரியாது. "அந்தம்மா படிச்சுக் காட்டினாங்க சார். சம்புன்னுதான் படிச்சாங்க."

இன்ஜினியர் என் பக்கம் திரும்பினார். "என்னம்மா?"

"அவர் என்ன சொன்னாரோ அதைத்தான் சார் அடிச்சேன்."

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் இத்தனை வருஷம் அதை நான் சுமந்திருக்க மாட்டேன். சேற்றில் முளைத்திருக்கிற ஒன்றைக் குனிந்து இது இன்னது என்று அடையாளம் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். பார்த்து முடித்ததும் இன்ஜினியரிடம் சொன்னார்: "அம்மா சொல்றது சரியாத்தான் இருக்கும் சார். நான்தான் வாய் தவறிக் கோரைன்னு சொல்லியிருப்பேன்."

அவர் வாய் தவறிக் கோரை என்று சொல்லக்கூடியவர் இல்லை என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஓவர்சீயர் ஜன்னலைப் பார்த்தார். ஹெட்கிளார்க் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். டைப்பிஸ்ட் பொய் சொல்கிறாள் என்றால் அறிக்கையை முதல் நாளே அடித்து வைக்கிற வழக்கம் வெளியே வரும், எல்லோர் தலையும் உருளும். ஒரு லஸ்கரோடு போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

நான்கு மாதம் அவரை வேலைக்கு வெளியே நிறுத்தி வைத்தார்கள். எனக்கு ஆறு மாதம் நீட்டித்தார்கள்.

அந்த நாட்களில் ஒரு கல்யாணத்துக்காக மண்ணச்சநல்லூர் போனேன். ரைஸ் மில் பக்கத்தில் பஸ் நின்றபோது, களத்தில் அவித்த நெல்லைப் பலகையால் தள்ளிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். காக்கி இல்லாமல், தலையில் துண்டோடு, சட்டென்று அடையாளம் தெரியவில்லை. அவருக்கு என்னைத் தெரிந்துவிட்டது. கையைத் தூக்கினார். நான் குனிந்து கைப்பைக்குள் எதையோ தேடினேன். பஸ் கிளம்பும் வரைக்கும் தேடிக்கொண்டே இருந்தேன்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் மாதா கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். முழங்காலிட்டு, "பொய் சொன்னேன் சாமி, மூணு தடவை" என்றேன். சாமியார் என்ன பொய் என்று கேட்கவில்லை. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, எந்தப் பொய் என்று எட்டாம் மைல் கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பொய் என்று மொத்தமாகச் சொல்லித் தப்பித்து வந்திருந்தேன். வாய்க்காலில் இருப்பதையெல்லாம் புல் என்கிற மாதிரி. அன்றைக்கு எனக்குக் கிடைத்த மன்னிப்பை நான் இன்று வரை நம்பவில்லை.

மறு சித்திரையில் அவர் வந்தார். பழையபடி காக்கிச் சட்டை, கூடுதலாக நரை. அந்த வருஷம் நான் எதையும் முதல் நாளே அடித்து வைக்கவில்லை. நான்கு வெள்ளைத் தாளையும் மூன்று கார்பனையும் அவர் கண்ணெதிரே மிஷினில் ஏற்றினேன். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். பாலத்தடியில் ஆகாயத்தாமரை, அதைத் தாண்டிப் பாய்க்கோரை, ஓடைமுக்கில் நீர்முள்ளி. கடைமடை மதகு வந்ததும் அடிப்பதை நிறுத்தி அவர் வாயைப் பார்த்தேன்.

"அங்கே சம்புதாம்மா. பாதி தோண்டியாச்சு. பாதி இருக்கு."

அடித்து முடித்துத் தாளை உருவினேன். அவர் முகத்தைப் பார்க்காமலே, "படிச்சுக் காட்டறேண்ணே" என்றேன்.

"வேணாம்மா."

"இல்லண்ணே, ஒரு தடவை கேட்டுடுங்க."

"நீங்க அடிச்சா சரியாத்தான் இருக்கும்மா." குத்தலாகச் சொல்லவில்லை. அவருக்குக் குத்தலாகப் பேசத் தெரியாது. மைப் பெட்டியைத் தானே இழுத்து, கண்ணைத் திறந்து வைத்தபடியே, நான்கு தாளிலும் கட்டைவிரலை அழுத்தினார். துணியில் விரலைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"வேலை பர்மனென்ட் ஆயிடுச்சா, ஸ்டெல்லாம்மா?"

"போன மாசம் ஆயிடுச்சுண்ணே."

"நல்லதும்மா. தங்கச்சிங்க இருக்காங்கன்னு சொன்னீங்கல்ல."

ஒரு நாள் டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் சொன்னது அது. நான் சொன்னதே எனக்கு மறந்திருந்தது. விசாரணை அறையில் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவர் எதை எண்ணிப் பார்த்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். ஹெட்கிளார்க் தலையைத் தூக்கினார். வாய் அப்படியே மூடிக்கொண்டது.

"போயிட்டு வரேம்மா" என்று அவர் வெயிலில் இறங்கிக் கொள்ளிடத்துப் பக்கம் நடந்தார். அதற்குப் பிறகு அவர் வேலையில் இருந்த அத்தனை வருஷமும் ஒரு தடவைகூடப் படிச்சுக் காட்டுங்கம்மா என்று கேட்கவில்லை. அன்றைக்கு அடித்த நான்கு தாளிலும் சம்பு என்றுதான் இருந்தது. அவருக்கு அது தெரியாது.